காதுப்பூச்சிக்குச் சொட்டு மருந்தா, பிடரி மருந்தா?

மாம்பழ சீசன் முடிந்த கையோடு, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தோம். பெயர் மிளகு. வந்த நாளிலிருந்து காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் நாய் மணியும் தலையை உதற ஆரம்பித்தான். காதுக்குள் வாழும் மிகச் சிறிய காதுப்பூச்சியைப் போக்க, தினமும் காதுக்குள் விடும் சொட்டு மருந்து ஒரு வழி, பிடரியில் மாதம் ஒரு தடவை விடும் ஸ்பாட்-ஆன் இன்னொரு வழி. இரண்டையும் பார்த்துவிட்டேன். நான் பிடரி மருந்துக் கட்சி.

முதலில் அது பூச்சிதானா என்று பார்க்க வேண்டும். மிளகின் காதில் காபி வடிகட்டியில் தங்கிய சக்கை மாதிரி கருப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. பஞ்சில் கொஞ்சம் எடுத்துக் கறுப்பு சார்ட் அட்டையில் தட்டி, டார்ச் அடித்து லென்ஸ் வழியே பார்த்தேன். ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. ஆனால் அட்டையில் ஒன்றும் நகரவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாய் விஷயம் இன்னும் குழப்பம். வளர்ந்த நாய்க்குக் காது நாறினால் ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மருந்தே வேறு. அதனால் மணியைக் கால்நடை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் மருந்து.

சொட்டு மருந்து விலை குறைவு, அழுக்கையும் இளக்கும். அதில் சந்தேகமில்லை. சிக்கல் நாள் கணக்கில்தான். பல சொட்டு மருந்துகள் பூச்சியைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டை பொரிய நாலு நாள். முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஏறக்குறைய மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் விடாமல் பூனையைத் துண்டில் சுற்றி, ஒருவர் பிடிக்க, ஒருவர் காது மடலைத் தூக்கிச் சொட்டு விட வேண்டும். ஆறாம் நாளே மிளகு சொறிவதை நிறுத்தியது. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தோம். தர்மபுரியில் ஒரு கல்யாணம், மூன்று நாள் விட்டுப்போனது. திரும்பி வந்தபின் அவ்வளவு அக்கறையும் இல்லை. அடுத்த மாதம் மறுபடி அதே காபி சக்கை. மருந்தைக் குறை சொல்ல முடியாது, தப்பு எங்கள் மேல்தான்.

இன்னொன்றும் உண்டு. பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதோடு ஒட்டிக் கிடக்கும். பூச்சி வாலுக்கும் கழுத்துக்கும் இடம் மாறும். காதுக்குள் விட்ட சொட்டு அங்கே எப்படிப் போகும்? செலாமெக்டின் போன்ற பிடரி மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போய் வேலை செய்வதால் அங்கேயும் எட்டும். மயிரைப் பிரித்து, நாக்கு எட்டாத பிடரித் தோலில் விட்டால் முடிந்தது. மருத்துவர் எடை போட்டுப் பார்த்து அளவு சொன்னார், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை விடச் சொன்னார். மிளகுக்கும் மணிக்கும் ஒரே நாளில் விட்டோம். ஒன்றுக்கு மட்டும் விட்டால் மற்றதிலிருந்து திரும்பத் தொற்றும். விலை கையைக் கடித்தது உண்மை. ஆனால் இரண்டு தடவை சொட்டு மருந்து வாங்கிய செலவையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு எச்சரிக்கை. நாய்க்கென்று விற்கும் சில பிடரி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. மருந்து அட்டையைப் படிக்காமல் நாய் மருந்தைப் பூனைக்குப் பங்கு போடாதீர்கள். கோலி வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு சொட்டு வேப்பெண்ணெ விடு தம்பி, எல்லாம் ஓடிடும்" என்றார். பூனை எதையும் நக்கிவிடும், அதனால் நான் துணியவில்லை.

நாய்களுக்கு மெல்லும் மாத்திரையும் இருக்கிறது. அதை நான் கொடுத்துப் பார்த்ததில்லை. காதுக்குள் புண்ணோ சீழோ இருந்தால் பிடரி மருந்து மட்டும் போதாது, அப்போது காதுக்கும் மருந்து வேண்டியிருக்கும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கெடுதல் என்பதால், அதையும் மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும். மணிக்கு அந்த நிலை வரவில்லை. மிளகு மட்டும் இன்னமும் துண்டை எடுத்தால் பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது.