மினி டிராக்டர் கிளட்ச்: லைனிங் அடிப்பதா, பிளேட் மட்டும் மாற்றுவதா, முழு செட் போடுவதா?

மினி டிராக்டரில் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பழைய பிளேட்டிலேயே (என்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு) புது லைனிங் (அதன் இரு பக்கமும் இருக்கும் உரசு பட்டை) அடித்துக்கொள்ளலாம் என்பார் ஒருவர். புது பிளேட் ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்பார் இன்னொருவர். பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடு என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் பொருத்தமான இடம் உண்டு. கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதில்தான் கணக்கு தப்பிப்போகிறது.

கிளட்ச் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கவே வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பானெட், பேட்டரி, வயரிங், டீசல் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஸ்டியரிங் இணைப்பு, நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகே போல்ட்டில் ஸ்பானர் படும். இரண்டு பேருக்கு ஒரு நாள் சரியாக இருக்கும். லைனிங் அடித்தாலும் முழு செட் போட்டாலும் இந்தக் கூலி ஒன்றுதான். ஆகவே பிளேட்டின் விலையைவிட முக்கியமான கேள்வி, ஒருமுறை பிரித்து மூடினால் எத்தனை சீசன் மறுபடி பிரிக்காமல் ஓட்டலாம் என்பது. மூன்று வழியையும் இந்த ஒரு அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

பிரிக்கும் முன் பெடலைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை என்றதும் பிரிக்க வேண்டாம். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தால், பாரம் தட்டுவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். அதுதான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட், என்ஜினோடு சுற்றும் கனமான பிளைவீல் சக்கரத்தின் பக்கம் நகரும், அதை விடுவிக்கும் நெம்புகோல் விரல்கள், பெடலை அழுத்தும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கிப் பின்னால் வரும், ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போகும். முழுவதும் இல்லாமல் போனால், பெடலில் கால் வைக்காமலே கிளட்ச் பாதி அழுத்திய நிலையில் நின்றுவிடும். அந்த நிலையில் பெடலின் ராடு நட்டைத் திருகிச் சரிசெய்தாலே இழுவை திரும்பிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை. அட்ஜஸ்ட்மெண்ட் கடைசி மரை வரை போய்விட்டது, இன்னும் ஸ்லிப் ஆகிறது என்றால் அப்போது பிளேட் தேய்ந்துவிட்டது என்று நம்பலாம்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, பெரிய கியரில் போட்டு, மிதமான ஆக்சிலேட்டரில் பெடலை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், சூட்டில் மிச்சமிருக்கும் லைனிங்கும் போய்விடும். கியர் விழும்போது கரகரவென்று சத்தம் மட்டும் வருகிறது, இழுவை நன்றாக இருக்கிறது என்றால் அது தேய்மானமில்லை. கிளட்ச் முழுவதும் விடுபடாத கோளாறு அது. அதற்கு அதிகப்படியான ஃப்ரீ பிளே, பிளைவீல் நடுவில் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், கோணிய பிளேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லைனிங் அடிப்பது

மூன்றில் மலிவானது இதுதான். பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்து, இரண்டு பக்கமும் புது லைனிங் வைத்து ரிவிட் அடித்துக் கொடுப்பார்கள். கைதேர்ந்த ஆள் செய்தால் நன்றாகவே ஓடும். டீலரிடம் பிளேட் கிடைக்காத பழைய மாடலுக்கு வேறு வழியும் இல்லை. அந்தத் தொழிலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் லைனிங் மட்டும் பிளேட் ஆகிவிடாது. இரு பக்க லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. வண்டி உதறாமல் மெல்ல நகர்வது அவற்றால்தான். சூடேறி அந்தத் தகடுகள் தட்டையாகிவிட்டால் எவ்வளவு நல்ல லைனிங் போட்டாலும் வண்டி குதித்துக் குதித்துத்தான் கிளம்பும். நடுவிலுள்ள, அதிர்வைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டும்போதே கடகடவென்று ஆடுகின்றனவா, பிளேட்டின் நடுக்குடமான ஹப்பின் பல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று போயிருந்தாலும் லைனிங்குக்குக் கொடுக்கும் காசு வீண்.

கனம் இன்னொரு சிக்கல். கிடைத்த லைனிங்கை அடித்துவிடும் பழக்கம் உண்டு. கனம் கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, குறைந்தால் ஆயுள் குறையும். பழைய பிளேட்டின் மூல அளவைக் கேட்டு வெர்னியரில் அளந்து வாங்குங்கள். ஷாஃப்ட்டில் மாட்டிச் சுற்றிக் கோணல் பார்க்காமல் பிளேட்டைக் கையில் வாங்காதீர்கள்.

ஆயிலில் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. உள்ளே ஊறிய ஆயில் சூடு பட்டதும் மறுபடி மேலே வரும். இன்னொன்று, பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்க வாய்ப்புண்டு. ஹவுசிங்குக்குள் இருக்கும் கருப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் மெக்கானிக்கும் பக்கத்தில் நிற்கும் பையனும்தான்.

புது பிளேட் மட்டும்

பிரஷர் பிளேட் கெடாமல் இருந்தால் இது நியாயமான வழி. தோப்பில் களை ஓட்டவும் மருந்து தெளிக்கவும் மட்டும் ஓடிய வண்டியில் பிளேட் மெதுவாகத் தேயும். பிரஷர் பிளேட் முகம் பளபளவென்று சமமாக இருக்கும். அப்போது பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம். நீலம் பூத்திருந்தால் கதை வேறு. அது வழுக்கி வழுக்கிச் சூடேறியதன் அடையாளம். அந்தச் சூட்டில் ஸ்பிரிங்கின் விறைப்பும் குறைந்திருக்கும். பிளேட்டை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங்தான். பிடி தளர்ந்தால் புது பிளேட்டும் வழுக்கும், அதுவும் சீக்கிரமே கருகும். விரல் முனைகளில் பள்ளம் விழுந்திருந்தாலும், விரல்கள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டாலும் பிளேட்டோடு நிறுத்த முடியாது.

முழு செட்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங். இவற்றோடு செட்டில் வராத இரண்டு வேலைகளையும் நான் சேர்த்தே எண்ணுகிறேன். முதலாவது கிராங்க் பின்புற ஆயில் சீலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலும். சின்ன ரப்பர் வளையம், விலை சொற்பம். அது கசிந்தால் புதுசாகப் போட்ட அத்தனையும் ஆயிலில் நனையும், மறுபடி ஒரு நாள் கூலி. இரண்டாவது பிளைவீல் முகத்தை லேத்தில் கொடுத்துச் சீவுவது. முடிக்கோடு போல வெடிப்பும் வரிவரியாகப் பள்ளமும் இருக்கும் முகத்தில் புது பிளேட் முழுதாக உட்காராது. சில பிளைவீலில் பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட்டை முடுக்கும் விளிம்பும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். முகத்தில் எவ்வளவு சீவினாரோ அவ்வளவே விளிம்பிலும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்து, முழு செட் போட்டும் வண்டி இழுக்காது. லேத்காரரிடம் இதை வாயால் சொல்லிவிட்டு வருவது நல்லது.

விலைதான் பலரைத் தயங்க வைக்கிறது. அதில் ஒரு ஆறுதல் வந்திருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் கிளட்ச் அசெம்பிளிக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் மதிப்புள்ள செட்டில் 1,300 ரூபாய் மிச்சம். பில் கேட்டு வாங்கி, வரி 5 சதவீதம்தானா என்று பாருங்கள். மிச்சப்பட்ட காசு சீலுக்கும் லேத் கூலிக்கும் போகட்டும்.

செராமிக் பிளேட் போடலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். செராமிக் பட்டன் பிளேட் சூடு தாங்கும், பாரம் நன்றாக இழுக்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், பிளைவீலையும் வேகமாகத் தின்னும். கரும்பு டிரெய்லர் இழுப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அது சரி. வாழைக்கும் தென்னைக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஓட்டும் சின்ன வண்டிக்குச் சாதா ஆர்கானிக் பிளேட்டே மேல். டபுள் கிளட்ச் வண்டி (ஓட்டத்துக்கு ஒரு பிளேட், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு ஒரு பிளேட்) என்றால் பி.டி.ஓ. பிளேட்டையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், ரொட்டவேட்டரும் டிரெய்லரும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு முழு செட்தான். தோப்போடு நிற்கும் வண்டிக்கு, பிரஷர் பிளேட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிளேட் மட்டும் மாற்றினால் போதும். லைனிங் அடிப்பது, பாகம் கிடைக்காத பழைய வண்டிக்கு. ‘உழவு நேரம், இப்போதைக்கு லைனிங் போட்டு ஓட்டிவிடலாம்’ என்ற அவசரத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தமிழக அரசின் உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்குப் பதிவு செய்துகொண்டு, நம் வண்டிக்குச் சரியான பாகம் வரும் வரை காத்திருக்கலாம்.

யார் கையில் வேலையைக் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவிலுள்ள ஒரே பின்னில்தான் ஆடுகிறது. பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடிக்காவிட்டால் என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து ஆள்மேல் விழும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் போகவிடாதீர்கள். பிளேட்டில் ‘பிளைவீல் பக்கம்’ என்று போட்டிருக்கும் முகம் சரியாக உட்கார்ந்ததா, பிளேட் சரியாக நடுவில் நிற்கிறதா என்று டம்மி ஷாஃப்ட் விட்டுப் பார்த்தார்களா, பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்களா என்று கவனியுங்கள். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் துளிதான் பூச வேண்டும். அதிகமானால் சுற்றும்போது லைனிங்கில்தான் தெறிக்கும். மூடிய பிறகு ஃப்ரீ பிளேயைப் புதிதாக வைத்து, முதல் சில நாள் பார வண்டி இழுக்காமல் லேசான வேலைக்கு ஓட்டி, மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். புது லைனிங் உட்காரும்போது அந்த அளவு கொஞ்சம் நகரும்.