181-உம் சகி மையமும்: வாசல் சரி, காகிதத்தில்தான் இழுக்கிறது

தமிழ்நாட்டில் 181 மகளிர் உதவி எண் 2018 டிசம்பரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. அடி விழுந்துகொண்டிருக்கும்போது கூப்பிட வேண்டியது 112. அதற்கு அடுத்த மணி நேரத்துக்குத்தான் 181. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான, மாவட்டத்து சகி மையத்தோடு இணைத்துவிடுவார்கள். அங்கே சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவி, ஐந்து நாள் வரை தங்க இடம். மகன் கூட வருவதானால் வயதைச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த பையன்களை அனுமதிப்பதில்லை.

இதுவரை குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல் டி.ஐ.ஆரில், அதாவது குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையில் தொடங்குகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் படிவம் 1 அது. வழக்கின் முதுகெலும்பே இதுதான். 'கணவர் அடிக்கடி துன்புறுத்துகிறார்' என்று ஒரே வரியில் முடித்தால் நீதிமன்றத்தில் எடுபடாது. தேதி, நேரம், இடம், யார், எதைக் கொண்டு அடித்தார் என்று ஒவ்வொரு சம்பவமும் தனித்தனியாக ஏற வேண்டும். சம்பளத்தைப் பிடுங்குவது, மருந்துக்குப் பணம் தராதது, வீட்டைவிட்டு வெளியே தள்ளுவது எல்லாம் பொருளாதார வன்முறை. அதற்கும் படிவத்தில் இடம் உண்டு, பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். மருத்துவச் சான்றும் சீதனப் பொருட்களின் பட்டியலும் இணைப்பாகப் போகட்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் 'பேசித் தீர்த்துக்கோங்கம்மா' என்று அனுப்பிவைப்பது பழைய வியாதி. மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகரக் கூடாது. ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. காவல் நிலையம் கைவிரித்தாலும் டி.ஐ.ஆருக்குத் தடையில்லை, பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையின் ஆள், காவல்துறைக்குக் கீழ் வருபவர் அல்ல.

நீதிமன்றத்தில் படிவம் 2-இல் மனுப் போட்டால், முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் வர முயல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 12. நடப்பில் மாதக்கணக்காகிறது. முக்கியக் காரணம் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டிய நோட்டீஸ். இரண்டு நாளில் சேர்க்க வேண்டிய பொறுப்பு பாதுகாப்பு அலுவலருடையது. ஒரு மாவட்டத்தையே சுமக்கும் ஓர் அலுவலர் எத்தனை வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்? காத்திருக்க முடியாதவர்கள் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம் வைத்து, பிரிவு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். எதிர்த்தரப்பு வராமலேகூடக் கிடைக்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அரசு செய்ய வேண்டியது புதுத் திட்டம் இல்லை. மாவட்ட, தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதை வேறு வேலை பார்க்கும் ஒருவர் தலையில் கூடுதல் பொறுப்பாகக் கட்டி ஒப்பேற்றக் கூடாது. தாலுகாவுக்கு ஒரு முழுநேர அலுவலர், நோட்டீஸ் கொண்டுபோக ஒரு வண்டி, படிவம் எழுத ஒரு உதவியாளர். இவ்வளவுதான் செலவு.

பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்ததும் பிரதி ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். மீறினால் பிரிவு 31-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.