கன்னி, சிப்பிப்பாறை குட்டி எடுக்க ஒரு பண்ணை: கூட்டம் அருமை, கொட்டில் சுவர் மோசம்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பண்ணை. கன்னி, சிப்பிப்பாறை என்கிற இரண்டு நாட்டு வேட்டை நாய் இனங்கள் மட்டும்தான். பெட்டை ஆறு, கடுவன் மூன்று. பகல் முழுக்க எல்லாம் ஒரே வேலிக்குள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. கூண்டில் அடைத்து வளர்த்த தாயின் குட்டிக்கும் இந்தக் கூட்டத்துக் குட்டிக்கும் குணத்தில் நிறைய வித்தியாசம் தெரியும்.

வேட்டை நாய்களை இப்படிச் சேர்த்து விடுவது லேசான காரியமில்லை. சோறு, கதவு, ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்த பெட்டை, பெரும்பாலும் இவற்றில்தான் சண்டை மூளும். இங்கே சோற்று நேரத்தில் ஒவ்வொன்றையும் பத்தடி தள்ளித் தள்ளி முளையில் கட்டுகிறார்கள். கடைசித் தட்டை எடுத்த பிறகே அவிழ்ப்பு. கதவில் ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். ஹீட்டில் இருக்கிற பெட்டைக்கு மூன்று வாரம் தனிக் கொட்டில்.

ரொம்பப் பிடித்தது வேலி. நான்கடி உயரத்துக்குத் தென்னங்கீற்று கட்டியிருக்கிறார்கள். இவை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். வெளியே ஆடு ஓடி, எட்டிப் பிடிக்க முடியாவிட்டால் அந்த வேகத்தில் பக்கத்தில் நிற்கிற நாயைக் கவ்விவிடும். கீற்று அதைத் தடுக்கிறது.

குட்டியை எட்டு வாரம் முடிந்துதான் தருகிறார்கள். 2017-இல் வந்த மத்திய அரசு விதியும் அதைத்தான் சொல்கிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி உடன்பிறந்தவற்றோடு புரண்டுதான் படிக்கும்.

இனி குறை. கொட்டில் பூசாத செம்புறாங்கல் சுவர், கல்லெல்லாம் பொத்தல். விரலால் சுரண்டினால் உண்ணி உதிர்கிறது. நாய்க்கு மருந்து அடிக்கிறார்கள், சுவரை விட்டுவிடுகிறார்கள். ரத்தம் குடித்த உண்ணி இறங்கிப்போய் இடுக்கில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரைப் பூசாதவரை இது தீராது. ஆகவே குட்டியின் காதுமடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்து, சோறு இறங்காவிட்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

குட்டியோடு தருகிற மெல்லிய சங்கிலியைப் போடாதீர்கள். இவற்றின் தலை கழுத்தளவுக்கே ஒடுக்கம், பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். இரண்டு அங்குல அகலப் பட்டையைக் காதுக்கு ஒட்டி மேலே கட்டுங்கள். இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். உடம்பில் கொழுப்பு குறைந்த இனம் என்பதால் தயோபென்டால் என்கிற மயக்க மருந்து கொடுத்தால் தெளிய ரொம்ப நேரமாகும். கருத்தடைக்குப் போகும்போது டாக்டரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

‘முயல் பிடிக்கும் பரம்பரை’ என்று விளம்பரம் செய்வதை அவர்கள் நிறுத்த வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஓட்டம் வேண்டுமென்றால் ஆடுமாடு இறங்காத வேளையில், வெயிலுக்கு முன் வறண்ட கண்மாயில் நீளக் கயிறோடு விடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஓடவிடக் கூடாது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும்.

சாயங்காலம் சோறு வைக்கிற நேரத்துக்குப் போனால் கூட்டத்தின் ஒழுங்கும் தாயின் குணமும் தெரியும். ஒரே ஈத்தில் இரண்டு பெட்டை கொடுத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். வளர்ந்தபின் அவற்றின் சண்டையை விலக்குவது கஷ்டம்.