சுருளின் சூடு: வெப்பவிணையா, தடை அளவீடா?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை மோட்டாருக்கோ மின்மாற்றிக்கோ புதிதாகச் சுருள் சுற்றினால் சூட்டை அளந்தே தீரவேண்டும். தடை அளவீடு எளிது. செம்பு சூடேற அதன் மின்தடையும் கூடும்: காலைக் குளிரில், 15 பாகை செல்சியஸில் 10 ஓம் காட்டிய செப்புச் சுருள், ஓடி நின்றதும் 14 ஓம் காட்டினால் வெப்பநிலை ஏறத்தாழ 115 பாகை. ஆனால் அது சராசரிதான். உள்ளடுக்கில் ஓரிடம் கருகுவதைச் சொல்லாது. நிறுத்திய கையோடு அளக்காவிட்டால் சூடும் இறங்கிவிடும்.

வெப்பவிணை, அதாவது இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்ப உணரி, இயந்திரம் ஓடும்போதே சூட்டைக் காட்டும். அதன் முனையை, சுருள் சுற்றும்போதே அடுக்குகளுக்கிடையே புதைக்க வேண்டும். மேலே ஒட்டினால் வெளிச்சூடுதான் தெரியும். இரும்புக் கம்பியுள்ள ஜே வகை மாற்றுக் காந்தப்புலத்தில் தானே சூடேறக்கூடும். செம்பும் கொன்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலப்புலோகமும் சேர்ந்த டீ வகையே என் தெரிவு. காப்பு உரிந்த முனை சுருளைத் தொட்டால் மானிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஆபத்து. புது மின்மாற்றிக்கு வெப்பவிணையையே புதைப்பேன். பழுதுபார்க்க வரும் மோட்டாருக்குத் தடை அளவீடு போதும்.