ட்ரோவ்: மூன்றே ஆட்டத்தோடு நின்றவரையும் தேடிப் பிடிக்கலாம்

கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய அச்சுகளின் அருமை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் உடனே பிடித்துப்போகும். மெல்பர்னின் 'ஆர்கஸ்' நாளிதழ் 1848 முதல் 1957 வரை பக்கம் பக்கமாக இருக்கிறது. காரைக்குடியில் உட்கார்ந்து பார்த்தாலும் கட்டணம் கிடையாது. 1897இல் ஆட்டம் தொடங்கிய விக்டோரியா கால்பந்து லீகில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போன ஒருவரைத் தேடிப் பாருங்கள், தளத்தின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

நம் பழைய பேரேடுகளில் பெயருக்கு முன் விலாச எழுத்துகள் நீளமாக இருக்கும். அங்கே ஆட்டச் செய்தியில் பெரும்பாலும் குடும்பப்பெயர் மட்டும்தான், முதல் பெயரையும் சேர்த்துத் தேடினால் கைக்கு ஒன்றும் வராது. குடும்பப்பெயரையும் கிளப் பெயரையும் ஒரே மேற்கோள் குறிக்குள் போட்டு, குறி முடிந்ததும் ஒட்டினாற்போல் அலைக்குறியும் (~) 20 என்ற எண்ணும் சேருங்கள். இரண்டு பெயரும் அருகருகே வரும் செய்திகள் மட்டும் நிற்கும். பிறகு அந்த ஆண்டின் மே முதல் செப்டம்பர் வரை தேதியைச் சுருக்குங்கள். 'கட்டுரை' பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அணிப் பட்டியல்கள் பல 'விரிவான பட்டியல்கள், முடிவுகள்' பிரிவில் கிடக்கின்றன.

பெரிய தொல்லை, இயந்திரம் படித்த எழுத்து. மை மங்கிய இடத்தில் 'ஸ்மித்' என்பதன் கடைசி ஆங்கில எழுத்தான 'எச்' உடைந்து, 'எல்', 'ஐ' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வரி முடிவில் பெயர் உடைந்திருந்தாலும் தேடலில் சிக்காது. அப்போது இரு கிளப்புகளின் பெயரையும் தேதியையும் மட்டும் கொடுத்து, பக்கத்தின் படத்தையே பெரிதாக்கிக் கண்ணால் படிப்பதுதான் வழி. கைபேசியில் இது வதை, கணினி வேண்டும்.

ஆட்டம் சனிக்கிழமை. அதற்கு முன் வந்த பட்டியலில் பெயர் இருப்பதால் ஆடினார் என்று எழுதிவிடக் கூடாது, கடைசி நேர மாற்றங்கள் அதில் இருக்காது. திங்கள்கிழமை இதழில் ஆட்ட விவரமும், கோல் அடித்தவர்கள் வரியும் பார்த்து உறுதி செய்யுங்கள். சட்டையில் எண் போடுவது லீகில் நிலைத்தது 1912இல்தான். அதற்கு முன் நிருபர் முகம் பார்த்து எழுதியது. அண்ணன் தம்பி ஒரே அணியில் இருந்தால் குழப்பம் நிச்சயம்.

ஏன் நின்றார் என்பதற்கு விளையாட்டுப் பக்கம் போதாது. 'குடும்ப அறிவிப்புகள்' பிரிவில் திருமணமும் மரணமும் கிடைக்கும். 1916 என்றால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்: முதல் உலகப் போரால் அந்த ஆண்டு நான்கே கிளப்புகள் ஆடின, அவருடைய கிளப்பே களத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் போருக்குப் படையில் சேர்ந்தவரென்றால் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் பி2455 வரிசையில் அவருடைய கோப்பை இலவசமாகப் பார்க்கலாம்.

1954க்குப் பிறகு பெரும்பாலான இதழ்கள் இல்லை. அது பதிப்புரிமையால் வந்த எல்லை, தளத்தின் குறை அல்ல. பெயரில் பிழை கண்டால் அங்கேயே திருத்திச் சேமித்துவிடுங்கள். அடுத்து தேடுபவருக்கு அந்த ஆட்டக்காரர் முதல் தேடலிலேயே அகப்படுவார்.