மெல்ல நகரும் ஒலிகளுக்கு ஒரு கருவி: சேர்ஜ் எக்ஸ்.டி.

இலங்கை மலையகத்தில் நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் பழைய மடிகணினியில் ஒலியமைப்பவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் மென்பொருள் சின்தசைசர் (கணினியிலேயே ஒலியை உருவாக்கும் கருவி) சேர்ஜ் எக்ஸ்.டி. கிளாஸ் யோஹான்சன் உருவாக்கிய சேர்ஜ், 2018இல் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டது. பின்னர் தன்னார்வலர்கள் வளர்த்தெடுக்க, 2022இல் எக்ஸ்.டி. பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது.

சூழலொலிக்கு இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்.எப்.ஓ.க்கள் (ஒலியின் அமைப்புகளைத் தானாக ஏற்றி இறக்கும் அலைகள்) இரண்டு வகையாகப் பிரிந்திருப்பதுதான். ஒருவகை ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக இயங்கும். மற்றது ஒரு சீனில் (சேர்ஜ் ஒலியின் இரண்டு அடுக்குகளில் ஒன்று) ஒலிக்கும் எல்லாச் சுரங்களுக்கும் பொதுவானது. பொது எல்.எப்.ஓ.வை 0.05 ஹேர்ட்ஸில் வைத்து உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் பில்டரின் கட்ஓப்புடன் (வெட்டத் தொடங்கும் எல்லை) இணைத்தால், முழு இசைக்கூட்டும் இருபது விநாடிக்கு ஒருமுறை ஒன்றாகத் திறந்து மூடுகிறது. நானுஓயாப் பக்கம் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வருவதைப் போல, எந்த இடத்தில் தொடங்கியது என்றே தெரியாது. இரண்டாவது சீனில் இரைச்சல் ஒசிலேட்டரை (ஒலியலையை உருவாக்கும் பகுதி), ஒரு அதிர்வெண் பட்டையை மட்டும் விடும் பேண்ட் பாஸ் பில்டர் வழியாகச் செலுத்தி, பில்டரின் எல்லையருகே ஒலியைக் கூர்மையாக்கும் ரெசனன்ஸைச் சற்றே உயர்த்தி, ஒலியளவை, தற்செயலான அளவுகளுக்குத் தாவும் வேகமான சாம்பிள் அன்ட் ஹோல்ட் எல்.எப்.ஓ.விடம் ஒப்படைத்தால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையில் மழை விழும் உலோகச் சாயல் கிடைக்கிறது. அதன்மேல் நிம்பஸ் விளைவைச் சேர்த்தால் ஒலி துகள்களாகச் சிதறி விரிகிறது. இது மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் கிளவுட்ஸ் கருவியை அடிப்படையாகக் கொண்டது.

இத்தகைய நீண்ட ஒலிகளில் கரகரப்பு எழும்போது பலர் உடனே மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். முதலில் அந்தப் பகுதியை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து கேட்க வேண்டும். கோப்பிலும் கரகரத்தால் பெரும்பாலும் ஒலியளவு எல்லை மீறியிருக்கிறது என்று பொருள். ரெசனன்ஸையும் வெளியீட்டையும் குறைத்துப் பார்க்கலாம். கோப்பு தெளிவாக இருந்தால் செயலியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி தேய்ந்து மறையும் நேரம்) பத்து விநாடியைத் தாண்டும்போது விரலை எடுத்த சுரங்களும் கணிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். நான்கு சுரம், மூன்று ஒசிலேட்டர், ஒவ்வொன்றிலும் ஏழு யூனிசன் (ஒரே சுரத்தின் சற்றே விலகிய பிரதிகள்) என்றால் ஒரு சீனிலேயே 84 அலைகள். ஆகவே ரிலீஸைக் குறைத்து நீட்சியை எதிரொலி விளைவான ரிவேர்பிடம் விட்டுவிடுவதும், யூனிசனை மூன்றாக்குவதும், பொலிபொனி எல்லையை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) இறக்குவதும் முதல் சிகிச்சை. அதன்பிறகே பஃபரை (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கணிக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 ஆக்க வேண்டும். 44,100 ஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் தாமதம் தரும். தப்புப் பறை வாசிப்போடு நேரடியாகச் சேர்ந்து வாசிக்க அது இடையூறு, மெல்ல எழும் ஒலிக்கு அல்ல. கரண்ட் போய் மடிகணினி பேட்டரிக்கு மாறியதும் கரகரப்புத் தொடங்கினால், மின்சேமிப்பு முறை செயலியின் வேகத்தைக் குறைத்திருக்கக்கூடும். அந்த அமைப்பை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதன்முறை திறப்பவருக்கு ஒரே திரையில் நெருங்கி நிற்கும் அளவுகள் மலைப்பூட்டும், ஆனால் திரையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சுர இடைவெளிகளைக் குறிக்கும் ஸ்காலா கோப்பு ஏற்றிச் சுருதியமைப்பை மாற்றும் வசதியும் உண்டு. பதிவுசெய்த ஒப்பாரிக் குரலின் கீழே தொடரொலி வைப்பவர்கள், பன்னிரண்டு சம இடைவெளிகளுக்குள் அந்தக் குரலை வளைக்காமல், குரலுக்கேற்பக் கருவியையே சுருதி சேர்த்துக்கொள்ளலாம்.