நீச்சல்குளமா, திறந்த நீரா: முதல் நெடுந்தூர நீச்சலுக்கான பயிற்சி

முதன்முறையாக 5 கிலோமீட்டர் தூரத்தைத் திறந்த நீரில் நீந்தத் திட்டமிடுபவர், பயிற்சியின் பெரும்பகுதியை நீச்சல்குளத்தில் முடிப்பதா, ஏரியிலோ கடலிலோ முடிப்பதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நீச்சல்குளத்தின் வலிமை அளவீட்டில் இருக்கிறது. 50 மீட்டர் குளத்தில் 100 நீளங்கள் நீந்தினால் தூரம் முடிந்துவிடும். வேகம் எங்கே தளர்கிறது, கைவீச்சு எங்கே குலைகிறது என்பதையும் கடிகாரத்தைக் கொண்டு உடனுக்குடன் அறியலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பெறும் உந்துதல், நாம் கணக்கில் சேர்க்க மறக்கும் சலுகை; 25 மீட்டர் குளத்தில் அது இருமடங்காகிறது.

திறந்த நீரில் சுவரும் இல்லை, அடித்தளத்தில் கோடும் இல்லை. சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தித் தொலைவிலுள்ள மிதவையையோ கரையிலுள்ள அடையாளத்தையோ பார்க்காதவர், நேராகச் செல்வதாக எண்ணியபடியே வளைந்து சென்று கூடுதல் தூரம் நீந்துவார். தலையை அதிகம் தூக்கினாலோ இடுப்பு தாழ்ந்து, வேகம் குறையும். குளிர் இன்னும் கண்டிப்பான ஆசான்: 15 பாகை செல்சியஸுக்கும் குறைவான நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு கட்டுப்பாட்டை மீறித் திணறும், பாதுகாப்பான முறையில் பலமுறை இறங்கிப் பழகிய பிறகே உடல் அந்த அதிர்ச்சியைத் தணித்துக்கொள்கிறது. இதமான குளத்து நீர் இதைக் கற்றுத்தராது. உப்பு நீரில் தோல் உராய்ந்து புண்ணாவதும் அப்படித்தான்.

தொடக்க மாதங்களுக்கு நீச்சல்குளமே போதும் என்பேன். கடைசி ஆறு வாரங்களில், வாரத்தின் மிக நீண்ட நீச்சலையாவது திறந்த நீருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே துணைப்படகோ உடன் நீந்துபவரோ இன்றி இறங்கக் கூடாது.